சால்பா பயனில் உயிரா?

உலகத்துப் பொருள்களைப் பயனுடையன என்றும் பயனில்லன என்றும் இருகூறாகப் பிரித்து வைத்தல் மக்களுக்கு இயல்பாய் அமைந்த வழக்கமாகும். அப்பிரிவினை பெரும்பாலும் நம் கைக்கும் வாய்க்கும் எட்டிய அளவிலேயே நின்றுவிடுகின்றது. தஞ்சை வயல்களிற் கோரை களையெனப் பறித்தெறியப்படும். ஆற்றங்கரைகளிலோ அக்கோரையினமே பாய் முடைவார்க்குப் பிழைப்பாகும். மண்புழுவை நெடுங்காலம் தூண்டிலுக்கு இரையென்றன்றி வேறுவகையில் மதித்தார் சிலரே. 1881 ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வின் அதனைப்பற்றித் தனி நூலொன்று எழுதி வெளியிட்ட பின்னரே, நிலத்தைப் புரட்டி வளமாக்குவதில் அச்சிற்றுயிருக்குள்ள பங்கு கற்றோரால் நன்கு உணரப்பட்டது. ஆதலால், ஓர் உயிரைப் பயனில்லது என்று தள்ளுமுன், "யாருக்குப் பயனில்லது? எவ்வளவு ஆராய்ந்தபின் இவ்வாறு சொல்லுகின்றோம்?" என்னும் இரு வினாக்களை நாம் நம்மையே வினவிக்கொள்ளுதல் வேண்டும்.

இவ்வாறு நெடுநாள் புறக்கணிக்கப்பட்ட கடலுயிர் ஒன்றைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன். சால்பா என்பது அதன் பெயர். செவிக்கு அது சால்பு என்னும் நம் அருஞ்சொல்லை நினைவூட்டுமாயினும், இரண்டற்கும் யாதொரு உறவும் இல்லை. அது மேனாட்டு விஞ்ஞானிகள் இட்ட பெயர். தென்முனையைச் சூழ்ந்த கடலில் இவ்வுயிர் பெருகி வருகின்றதா, பெருகின் அதனால் விளைவது நன்மையா தீமையா என்பது குறித்து இன்று ஆராய்ச்சியாளரிடையே பெரும் விவாதம் நிகழ்கின்றது. அவ்விவாதத்திற் காவிரியின் கடைமடையில் வாழும் நமக்கும் பங்குண்டு என்பதும், ஆராயாது கூறும் இகழ்ச்சியைப் போலவே ஆராயாது கூறும் புகழ்ச்சியும் கேடு தரும் என்பதுமே இக்கட்டுரையின் கருத்து.

சால்பா என்பது நுங்கின் சுளைபோல் ஒளி ஊடுருவும் மெல்லிய உடலையுடையது. இருபுறமும் வாய் திறந்த சிறு பீப்பாயின் வடிவினது. தென்முனைக் கடலில் மிகுதியாக வாழும் இனம் பெரும்பாலும் ஒரு விரலின் நீளத்திற்கு மேற்போகாது. அதன் உடலிற் பெரும்பகுதி நீரே. உடலைச் சுற்றி வளையம் வளையமாகத் தசைகள் அமைந்துள்ளன. அவை சுருங்குந்தோறும் முன்வாயிற் புகுந்த நீர் பின்வாயால் வெளியே பீறிடும். அவ்விசையால் உயிர் முன்னோக்கி நகரும். அந்நீர் உள்ளே செல்லும் வழியில், கோழையினால் நெய்த மிக நுண்ணிய வலையொன்று விரிந்திருக்கும். கண்ணுக்குத் தோன்றாத பாசிகளும், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு கூறினும் சிறிய நுண்ணுயிர்களுங்கூட அவ்வலையில் தங்கிவிடும். வலையையும் இரையையும் சேர்த்தே சால்பா விழுங்கிவிட்டு, மீண்டும் புதுவலை நெய்துகொள்ளும். ஆகவே நகர்தல், மூச்சுவிடுதல், உண்ணுதல் ஆகிய மூன்றும் அதற்கு ஒரே செயலாய் முடிகின்றன.

நம் கடற்கரையிற் பரதவர் சொறியென்று கூறும் இழுது மீன்களோடு இதனை ஒன்றாக எண்ணுதல் பிழையாகும். சொறி தீண்டினால் உடல் தடித்து அரிக்கும். சால்பாவுக்குக் கொட்டும் இயல்பில்லை. தோற்றத்தில் இரண்டும் ஒத்திருப்பினும், பிறப்பில் இது சொறியினும் நமக்கே நெருங்கியது. முதுகெலும்புடைய பிராணிகளுக்கு மிக அணித்தான உறவினர் சால்பா முதலிய உறையுயிர்களே என்பது 2006 ஆம் ஆண்டில் மரபணுக்களை ஒப்பிட்டுக் கண்ட முடிபு. தாயாதி என்ற சொல் நம் ஊர்களில் நிலவழக்குகளிலேயே மிகுதியாய்ப் பயில்வது. இங்கோ வழக்கில்லாத தாயாதி ஒருவன் ஆழ்கடலில் மிதந்துகொண்டிருக்கின்றான்.

இவ்வுயிரின் வரலாறு நம் நாட்டுக் கரையோடும் ஓரளவு தொடர்புடையது. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியைத் தன் வசம் வைத்திருந்த டென்மார்க்கு அரசே, 1761 ஆம் ஆண்டில் அராபிய நாட்டை ஆராய்வதற்கு அறிஞர் குழுவொன்றை அனுப்பிற்று. அக்குழுவிற் சென்ற பீட்டர் பார்ஸ்கால் என்னும் இயற்கைநூற் புலவர் 1763 இல் ஏமன் நாட்டிற் காய்ச்சலால் இறந்தார். உடன் சென்றவர் அனைவரும் மாயத் தாம் ஒருவரே உயிரோடு மீண்ட கார்ஸ்டன் நீபூர், நண்பர் விட்டுச்சென்ற குறிப்புக்களைத் தொகுத்து 1775 இல் அச்சிட்டார். சால்பா என்னும் பெயர் விஞ்ஞான உலகில் நிலைபெற்றது அந்நூலாலேயாம். அக்காலத்தை அடுத்துத் தரங்கம்பாடியில் வாழ்ந்த பாதிரியார் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்பார், நம் கரையின் மீன்களைப் பதப்படுத்தி ஜெர்மனியில் இருந்த பிளாக் என்னும் அறிஞருக்கு அனுப்பி வந்தார். பிளாக் ஒரு மீனினத்திற்கு ஜானின் பெயரையே இட்டார். இந்தியக் கடல்களின் சால்பாக்களைப் பற்றிய விரிந்த ஆராய்ச்சியைச் சீமோர் சீவெல் என்பவர் 1926 ஆம் ஆண்டிற் கல்கத்தா இந்தியப் பொருட்காட்சிச்சாலையின் வெளியீட்டில் எழுதினார். வங்கக் கடலிலும் சால்பாவின் சிறிய இனங்கள் காலத்துக்குக் காலம் கூட்டங்கூட்டமாய்த் தோன்றுவதுண்டு.

சால்பாவின் பிறப்பு முறை கேட்போர்க்கு வியப்பைத் தருவது. கவிஞரும் தாவரநூற் புலவருமான சமீசோ என்பார், 1815 இற் புறப்பட்ட ரூரிக் என்னும் ருஷியக் கப்பலிற் சென்றபொழுது அதனைக் கண்டறிந்து 1819 இல் வெளியிட்டார். தனித்து வாழும் சால்பா ஒன்று, தன் உடலினின்று மொட்டுக்கள் அரும்புதல்போல நூற்றுக்கணக்கான குட்டிகளை ஒரே சங்கிலியாய் ஈனும். அச்சங்கிலியில் உள்ளவை தம்மை ஈன்றதனை உருவில் ஒவ்வா. அவை ஒவ்வொன்றும் முதலிற் பெண்ணாயிருந்து ஒரு கருவைச் சுமந்து பெறும். பின்னர்த் தாமே ஆணாக மாறும். அவை பெற்ற குழவியோ மீண்டும் தனித்து வாழும் சால்பாவாகும். எனவே ஒவ்வொரு சால்பாவும் தாயை ஒவ்வாது பாட்டியையே ஒத்திருக்கும். பாட்டன் பெயரைப் பூணுதலாற் பெயரன் என்று வழங்கும் தமிழருக்கு இம்முறை விளங்குதல் அரிதன்று. ஆயினும் அக்காலத்து ஐரோப்பிய அறிஞர் பலர் இதனை நம்பாது நகையாடினர். பின்வந்த ஆராய்ச்சி சமீசோவின் கூற்றே மெய்யென நாட்டிற்று. இவ்வாறு ஒன்று பலவாய்ப் பெருகுதலின், பருவம் வாய்த்தவிடத்துச் சின்னாளிற் கடலின் பெரும்பரப்பைச் சால்பாக்கூட்டம் நிறைத்துவிடும்.

இனித் தென்முனைக் கடலுக்குச் செல்வோம். அக்கடலிற் கோடைக்காலத்துப் பகல் நீண்டு, பனிக்கட்டி உருகி விலகுங்கால், நுண்ணிய பாசிகள் பெருகிக் கடலின் நிறத்தையே மாற்றும். அவையே அங்கு நெல். அந்நெல்லை உண்டு வாழும் உயிர்களுள் முதன்மை பெற்றது கிரில் என்பது. அது நம் கரையிற் கூனியிறால் எனப்படுவதனை உருவத்தில் ஒத்தது. ஆனால் இரண்டரை அங்குலம் வரை வளர்வது. ஐந்தாறு ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழ்வது. நீலத்திமிங்கிலமும், பெங்குவின் பறவைகளும், கடல்நாய்களும், மீன்களும் இக்கிரிலை உண்டு உயிர் வாழ்கின்றன. பாசி, கிரில், திமிங்கிலம் என மூன்றே படிகளில் ஏறிமுடியும் உணவுத்தொடர் இது என்று பாடநூல்கள் நெடுங்காலம் கற்பித்து வந்தன. அப்படத்தில் சால்பாவுக்கு இடமே இல்லை. இருப்பினும் அது ஓரத்தில் ஒதுக்கப்பட்டிருந்தது.

அவ்வொதுக்கம் நீங்கியதற்குக் காரணம், 2004 ஆம் ஆண்டில் அட்கின்சன் முதலிய அறிஞர் வெளியிட்ட ஒரு கணக்கு. 1926 முதல் 2003 வரை பல நாட்டுக் கப்பல்கள் வலைவீசி எடுத்த அளவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து, தென் அட்லாண்டிக்கின் மேற்குப் பகுதியிற் கிரில் குறைந்தது என்றும், சால்பாக்கள் தெற்கு நோக்கிப் பரவின என்றும் அவர்கள் கூறினர். அதற்கு அவர்கள் காட்டிய காரணம் எளிதில் விளங்குவது. கிரிலின் குஞ்சு, குளிர்காலத்திற் கடற்பனிக்கட்டியின் அடியில் ஒட்டி வளரும் பாசியை மேய்ந்து பிழைப்பது. பனிக்கட்டி குறைந்த ஆண்டுகளில் அக்குஞ்சுகளுக்கு உணவில்லை. சால்பாவுக்கோ பனிக்கட்டியின் துணை வேண்டுவதில்லை. பாசி அடர்ந்திருத்தலும் வேண்டுவதில்லை. பாசி மிக அடர்ந்தால் அதன் கோழைவலை அடைபட்டுப்போம். ஆதலின் வெப்பம் மிகுந்து பனி குறையுமிடத்துக் கிரில் பின்வாங்கச் சால்பா முன்னேறும் என்பது அவர்கள் துணிபு. இம்முடிபை எல்லாரும் ஏற்றனர் என்று சொல்லுதற்கில்லை. அதே அளவுகளை வேறுமுறையிற் கணக்கிட்ட அறிஞர் சிலர், 1976 முதல் 2016 வரை கிரில் குறைந்ததற்குச் சான்றில்லை என 2018 இல் எழுதினர். கிரில் கூட்டம் தெற்கு நோக்கிச் சுருங்குகின்றது என்று அட்கின்சன் குழுவினர் 2019 இல் மறுமொழி தந்தனர். விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

இவ்விடத்தில்தான் முதற் பிழைத்தீர்ப்பு எழுந்தது. "கிரில் இருந்த இடத்திற் சால்பா வந்தால், திமிங்கிலத்திற்கும் பெங்குவினுக்கும் உணவெங்கே? சால்பா வெறும் நீர்ப்பை, அதனை உண்பார் யாருமில்லை, உணவுத்தொடர் அதனோடு முட்டிநின்று விடுகின்றது" என்றனர் பலர். இதில் உண்மையும் உண்டு. எடைக்கு எடை வைத்து நோக்கினாற் கிரிலிற் கிடைக்கும் கொழுப்பும் ஊட்டமும் சால்பாவிற் கிடையா. பெங்குவின் குஞ்சைச் சால்பாவினால் வளர்த்துவிடலாம் என்று எவரும் கூறார். ஆயினும் யாரும் உண்ணார் என்பது உண்மையன்று. மீன்களும், கடற்பறவைகளும், ஆமைகளும், கடலடியில் வாழும் உயிர்களும் சால்பாவை உண்கின்றன. ஒருசில சிற்றுயிர்கள் அதன் பீப்பாயுடலையே வீடாகக் கொண்டு உள்ளிருந்தே தின்கின்றன. பண்டை ஆராய்ச்சியாளர் மீனின் வயிற்றைக் கீறிப் பார்த்தபொழுது, இறாலின் ஓடு எஞ்சியிருக்கச் சால்பாவின் மெல்லுடலோ விரைவிற் கரைந்து சுவடின்றி மறைந்தது. காணாமையால் இல்லை என்று எழுதிவிட்டனர். குற்றம் சால்பாவினதன்று, காணும் முறையினது.

சால்பாவின் மற்றொரு தொழில் அதன் கழிவிற் காணப்படுவது. அது வெளியிடும் மலக்கட்டிகள் பெரியவை, கனமானவை. ஒரு நாளைக்குச் சில நூறு மீட்டர் முதல் ஆயிரம் மீட்டருக்கு மேலும் ஆழத்திற் சென்று வீழ்பவை. கடலின் மேற்பரப்பிற் பாசிகள் காற்றிலிருந்து பெற்ற கரியமில வாயுவின் கரி, அக்கட்டிகளின் வழியே ஆழ்கடலுக்குப் போய்ச் சேர்கின்றது. அங்குச் சேர்ந்தது நெடுங்காலம் காற்றுக்கு மீளாது. 2018 ஆம் ஆண்டில் நியூசிலாந்துக்குக் கிழக்கே சால்பாக்கூட்டமொன்றைப் பின்தொடர்ந்த கப்பலொன்றின் ஆராய்ச்சியாளர், சால்பா மிகுந்த நீரிற் கீழே இறங்கும் கரி, அஃதில்லாத நீரினும் சில மடங்கு மிகுதியாதலைக் கண்டனர். ஆனால் அன்டார்க்டிக்கத் தீபகற்பத்தை அடுத்த கடலில் நிகழ்ந்த வேறோர் ஆராய்ச்சி நம்மைச் சற்றே நிற்கச் செய்கின்றது. அங்குச் சால்பாவின் கட்டிகள் மிகுதியாய் வெளிப்படினும், வழியிலேயே பெரிதும் சிதைந்துபோகின்றன என்றும், முடிவில் ஆழத்தை அடையும் கரியிற் கிரிலுக்கும் சால்பாவுக்கும் ஏறத்தாழ ஒத்த பங்கே உண்டென்றும் 2021 இல் வெளிவந்த அறிக்கை கூறுகின்றது. அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, சால்பாவின் கட்டியிலிருந்து பாசிக்குப் பயன்படும் இரும்புச்சத்து கிரிலின் கட்டியினும் மிகுதியாக வெளிப்படுகின்றது எனக் காட்டிற்று. தென்முனைக் கடலில் இரும்பே அருஞ்சத்தாதலின், சால்பா அங்குப் பாசியை உண்பதோடு நில்லாது, பாசிக்கு எருவும் இடுகின்றது எனலாம்.

இச்செய்திகள் பரவவே இரண்டாம் பிழைத்தீர்ப்பு எழுந்தது. இது முதலினும் அபாயமானது. "சால்பா கரியைப் புதைக்கின்றது, ஆதலாற் கிரில் குறைந்தால் குறைக, உலகம் வெப்பமாவதனைச் சால்பா தடுத்துவிடும்" என்று மகிழ்வார் சிலர். கடலுக்கு இரும்பை வாரியிட்டுப் பாசியை வளர்த்துவிட்டாற் புகை கக்கும் ஆலைகளை மாற்ற வேண்டுவதில்லை எனக் கனாக்காண்பாரும் உளர். இவர்களுக்கு நம் நாடே பங்குகொண்ட ஒரு சோதனையை எடுத்துக்காட்ட விரும்புகின்றேன்.

2009 ஆம் ஆண்டில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும், ஜெர்மனியின் ஆல்பிரட் வேக்னர் நிறுவனமும் சேர்ந்து, போலார்ஸ்டெர்ன் என்னும் கப்பலிற் சென்று, தென் அட்லாண்டிக்கில் ஏறத்தாழ 300 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள நீரில் இரும்புச்சத்தைக் கலந்தன. இரும்பைக் குறிக்கும் லோஹா என்னும் இந்திச் சொல்லை முன்வைத்து அச்சோதனைக்கு லோஹாபெக்ஸ் எனப் பெயரிட்டனர். அதன் தலைவர்களுள் ஒருவர் இந்தியரான வாஜிஹ் நக்வி. மற்றவர் விக்டர் ஸ்மெட்டாசெக். கடலுக்கு உரமிடுதலைப் பற்றி 2008 இல் பான் நகரிற் கூடிய உயிர்வள மாநாடு எச்சரித்திருந்தமையின், இச்சோதனை தொடங்குமுன் எதிர்ப்பும் எழுந்தது. ஜெர்மானிய அரசாங்கம் சின்னாள் தடுத்து நிறுத்திப் பின்னர் அனுமதித்தது. விளைந்தது என்ன? பாசி வளர்ந்தது, ஆயின் எதிர்பார்த்த பாசி வளரவில்லை. மணலிலுள்ள சிலிக்காவினால் ஓடு கட்டிக்கொள்ளும் டயாட்டம் என்னும் பாசியே கனத்து ஆழத்தில் வீழத்தக்கது. அந்நீரிலோ சிலிக்கா முன்னரே தீர்ந்திருந்தது. வளர்ந்த மென்பாசிகளை மிதக்கும் சிற்றுயிர்கள் மேய்ந்துவிட்டன. ஆழத்திற் சென்ற கரி மிகச் சிறிதே.

இம்முடிவு தஞ்சை விவசாயிக்குப் புதிதன்று. தழைச்சத்தை எவ்வளவு கொட்டினும் நிலத்தில் துத்தநாகம் குறைந்திருப்பின் பயிர் தேறாது என்பதனை அவர் அறிவார். குறைந்த சத்து எதுவோ அதுவே விளைச்சலுக்கு எல்லை. நெற்பயிரும் டயாட்டத்தைப் போலவே சிலிக்காவை மிகுதியாக உண்பது; உமியின் சொரசொரப்பு அதனால் உண்டாவதே. எருவிட்ட வயலில் விளைந்ததெல்லாம் களஞ்சியத்திற்கு வந்துவிடாது; எலிக்கும் பூச்சிக்கும் நத்தைக்கும் பங்கு போனபின் எஞ்சியதே வருமென்பதும் அவர் பட்டறிவு. கடலில் யார் மேய்கின்றார், எவ்வளவு மேய்கின்றார், மேய்ந்தது எங்கே போகின்றது என்னும் கணக்கறியாமல் எருவிடுதல், மடையறியாது நீர் பாய்ச்சுதல் போன்றதேயாம். லோஹாபெக்ஸ் தோல்வி என்று யான் கூறேன். இல்லாத நம்பிக்கையை இல்லையென்று காட்டியது நல்ல சோதனையே. அது கற்பித்த பாடம், மேயும் உயிரை அறியாமற் கடலை அறிதல் இயலாது என்பது. அம்மேயும் உயிர்களுள் தலையாயவற்றுள் ஒன்று சால்பா.

"எண்ணாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பனிக்கடலின் கணக்கு நமக்கெதற்கு? காவிரியில் நீர் வருமா, குறுவைக்கு மேட்டூர் திறக்குமா என்பதன்றோ நம் கவலை?" என்று கேட்பாரும் இருப்பர். கேள்வி நியாயமானதே. ஆயினும் கடைமடையில் உள்ளவன் தலைமடையை மறத்தல் ஆகாது என்பது இந்நாட்டார்க்கு யாரும் கற்பிக்க வேண்டாத உண்மை. குடகு மலையிற் பெய்யாத மழைக்கு நாகப்பட்டினத்து வயல் வாடுகின்றது. 1934 இல் மேட்டூர் அணை முடிந்தபின் பாசனம் உறுதிபெற்றது. அதே அணையில் வண்டலின் ஒரு பகுதி தங்கிவிடுதலும் உண்டு. மேலே செய்தது கீழே தெரியும். நன்மையாகவும் தெரியும், குறையாகவும் தெரியும். உலகக் கடல்களுக்குத் தென்முனைக் கடல் தலைமடை போன்றது. ஆழத்திலிருந்து அங்கு மேலெழும் சத்துக்களின் ஒரு பங்கு, கீழ்நீரோட்டங்களால் வடக்கே பரவி, வெப்பக் கடல்களின் உயிர்வளத்திற் பெரும்பகுதியைத் தாங்குகின்றது. அங்குக் குளிர்ந்து கனத்து இறங்கும் நீர், இந்து மாகடலின் அடியில் ஊர்ந்து வங்கக் கடலின் அடித்தளம் வரை வருகின்றது. அங்கே பாசி எவ்வளவு உண்ணப்பட்டது, எவ்வளவு ஆழத்திற் புதைந்தது, எவ்வளவு வடக்கே விடப்பட்டது என்பவற்றை முடிவுசெய்யும் மதகுக்காரர்களுள் சால்பாவும் கிரிலும் சேர்ந்தனவாம்.

மேலும் ஒன்று. மனிதர் எரிப்பதனால் எழும் கரியமில வாயுவில் ஏறத்தாழக் காற்பங்கைக் கடல்கள் ஏற்கின்றன. கடல்கள் ஏற்பதில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கைத் தென்முனைக் கடல் ஏற்கின்றது. அது தன் வேலையிற் சற்றே தளர்ந்தாலும் வெப்பம் மிகும், கடல்மட்டம் உயரும். கொள்ளிடம் முதற் கோடியக்கரை வரை நம் கரை தாழ்ந்த கரை. உப்புநீர் வயலிற் புகுதலின் துன்பம் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையால் நாகை வட்டார விவசாயிகள் நேரிற் கண்டது. 2018 நவம்பரிற் கஜா புயல் வேதாரணியத்துத் தென்னைகளைச் சாய்த்ததும் மறக்கத்தக்கதன்று. அவ்விரண்டிற்கும் சால்பாவுக்கும் தொடர்புண்டென்று யான் கூறவில்லை. தாழ்ந்த கரையில் வாழ்வோர் கடலின் இயல்பைப் பிறரினும் மிகுதியாக அறிந்திருத்தல் வேண்டும் என்பதற்கே அவற்றை எடுத்துக் காட்டினேன்.

ஆயின் நாம் செய்யத்தக்கது யாது? முதலாவது, நம் நாட்டிற்கு அங்கே குரலுண்டு என்பதனை நினைத்தல் வேண்டும். 1981 இல் டாக்டர் காசிம் தலைமையில் இந்தியரின் முதற் குழு அன்டார்க்டிக்காவுக்குப் புறப்பட்டது. 1989 முதல் மைத்ரியும், 2012 முதல் பாரதியும் நம் நிலையங்களாக அங்கு நின்று வருகின்றன. அக்கடலின் உயிர்வளத்தைக் காக்கும் சர்வதேச ஆணையத்தில் 1986 முதல் இந்தியா ஓர் உறுப்பு நாடு. 1995-96 இற் சாகர் சம்பதா என்னும் நம் ஆராய்ச்சிக் கப்பல் கிரிலை ஆராய அங்குச் சென்று மீண்டது. இன்று பிறநாட்டுக் கப்பல்கள், வளர்ப்பு மீன்களின் தீவனத்திற்கும் எண்ணெய்க்குமாகக் கிரிலை வாரிக் கொள்கின்றன. தென் அட்லாண்டிக் பகுதியில் ஆணையம் வகுத்த எல்லை 6,20,000 டன். 2025 ஆம் ஆண்டுப் பருவத்தில் அவ்வெல்லை முதன்முறையாக எட்டப்பட்டுப் பருவம் முடியுமுன்னரே பிடிப்பு நிறுத்தப்பட்டது. இவ்வெல்லையைத் திருத்துவதைப் பற்றி இனிப் பேச்சு நிகழுங்கால், பிடிப்பதற்குரிய கிரிலை மட்டும் எண்ணாது, எவருக்கும் விலையாகாத சால்பாவையும் சேர்த்து ஆண்டுதோறும் எண்ணுக என்று இந்தியா வற்புறுத்துதல் தகும். விலையுள்ளதனை மட்டும் எண்ணுவது வணிகனின் கணக்கு. விளைவுள்ளதனை எல்லாம் எண்ணுவதே குடியானவனின் கணக்கு.

இரண்டாவது, நம் கல்லூரிகளில் உயிர்நூல் பயிலும் மாணவர், தவளையையும் கரப்பையும் அறிந்த அளவிற்கேனும் தம் கடலை அறிதல் வேண்டும். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிர் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. தஞ்சையிலிருந்து அங்குச் சென்று வருதல் அரிய செயலன்று. நுண்கண் வலையொன்றைப் படகின் பின்னே கட்டி இழுத்து, அதிற் சேர்வனவற்றைத் திங்கள்தோறும் எண்ணி எழுதிவைப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை, விடாமுயற்சியே வேண்டும். அட்கின்சன் குழுவினரின் கணக்கிற்குப் பொருள் தந்தது ஒருவருடைய நுண்ணறிவு மட்டுமன்று. 1926 முதல் முகந்தெரியாத பலர் குளிரில் நின்று எண்ணியெழுதிய குறிப்பேடுகளேயாம். அவர்களுள் எவரும் தம் எண்கள் எக்கேள்விக்கு விடையாகுமென்று அறிந்திருக்கவில்லை. நம் கரைக்கும் அத்தகைய குறிப்பேடு ஒன்று தொடர்ந்து இருக்குமாயின், வங்கக் கடல் மாறுகின்றதா என்று வருங்காலத்தார் கேட்குங்கால் நாம் வாய்வாளாது நிற்க நேராது.

சால்பாவைத் தெய்வமாக்கவும் வேண்டா. குப்பையென்று தள்ளவும் வேண்டா. அது திமிங்கிலத்தின் பசியைத் தீர்க்கவோ, மனிதரின் புகையைப் புதைக்கவோ தோன்றியதன்று. தன் வலையை விரித்து, தன் இரையை உண்டு, தன் வழியே செல்வது. அதன் செயலின் விளைவுகளை அறிந்து அதற்கேற்பத் தம் கையை அடக்கிக்கொள்ளுதலே அறிவுடையார் கடன். அளந்தறிந்த பின்னரே மடையைத் திறத்தலும் அடைத்தலும் வேண்டும் என்னும் பாடத்தை வாய்க்காற் கரையிலேயே கற்று வளர்ந்த தஞ்சை மாணவர், அதனைக் கடலுக்கும் கொண்டுசெல்வாராக.